அக்கா நடித்த படத்தின் வெளியீட்டுத் தேதி

நான் இதுவரை எடுத்திருப்பது ஒரே ஒரு படம். அதை எடுக்க ஆன காலத்தைவிட, எடுத்து முடித்த பிறகு அதைத் தியேட்டருக்குக் கொண்டுபோக ஒரு விநியோக அலுவலகத்துக்கு நடந்த காலம்தான் அதிகம்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெரு. கீழே ரவிக்கைத் துணியும் லைனிங்கும் விற்கும் கடை, அதற்கு மேல் தையல்காரர்கள், அதற்கும் மேல் இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். படியேறும்போதே தையல் மிஷின்களின் அதிர்வு காலில் தெரியும். முன்னறையில் ஒரு சோபா, ஒரு மேஜை, சுவர் முழுக்க அவர்கள் வெளியிட்ட படங்களின் போஸ்டர்கள். ஓடிய படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. ஓடாத படங்களை வெறும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் போட்டவைதாம் அதிகம்.

அதற்கு முன் பதினைந்து வருடம் ஒரு தொலைக்காட்சியில் எடிட்டராக இருந்தேன். சீரியல்களை வெட்டி ஒட்டும் வேலை. அதை விட்டுவிட்டு, நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டை விட்டுப் போன மகளைத் தேடி ஒரு நாள் முழுக்க இந்த நகரத்தில் நடக்கும் மீன்காரப் பெண்ணைப் பற்றி ஒரு படம் எடுத்தேன். பாட்டு இல்லை, சண்டை இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பெரிய கம்பெனிகள் ட்ரெய்லரைப் பார்த்துவிட்டுப் பதில்கூடச் சொல்லவில்லை. இவர் ஒருவர்தான், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள் என்றார்.

அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் சார் என்றே அழைத்தார்கள். உள்ளறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சின்னத் திரையில் என் படத்தைப் போட்டார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்கு. சோபாவில் இருப்பேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கீழே இறங்கி லைனிங் துணியின் வண்ண அட்டையைப் பார்ப்பேன், திரும்ப ஏறுவேன். முன்மேஜையில் இருந்த பெண்மணி மூன்றாவது முறை என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார் போன எடுக்காம ஒரு படம் பாத்து ரொம்ப நாளாச்சும்மா. பேசாம உக்காருங்க" என்றார்.

அந்தப் பெண்மணிதான் அந்தக் கம்பெனியை நடத்தினார் என்று சொன்னால் சார்கூட மறுக்க மாட்டார். சாந்தோம்காரர். சர்ச் பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் எடுத்தவர், எப்படியோ இங்கே வந்து சேர்ந்துவிட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர். ஒவ்வொரு வாரமும் திங்களும் செவ்வாயும் தியேட்டர்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, வெள்ளிக்கிழமைக்குக் காட்சி கேட்பது அவர் வேலை. "சின்ன ஸ்கிரீனா இருந்தாலும் பரவால்ல தம்பி. மார்னிங் ஷோ ஒண்ணு போதும்" என்று அவர் கேட்கும்போது கெஞ்சுவது போலவும் இருக்காது, அதட்டுவது போலவும் இருக்காது. வீட்டுப்பாடம் கொடுப்பது போல இருக்கும்.

படம் முடிந்து சார் வெளியே வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க மேடம். யாருக்குக் காட்டப்போறோம்னுதான் தெரியல."

எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அவசரப்படக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். அவசரத்தைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லாத நாட்கள் அவை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது போனேன். போனில் கேட்டுவிடலாம், ஆனால் முடியாது. மந்தைவெளியில் எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நான் நடப்பதைப் பார்த்துவிட்டுக் கணவரே போய்விட்டு வா என்பார். மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் எங்கெங்கோ சுற்றும். நான் பனகல் பார்க்குக்கு முன்னாலேயே இறங்கி, புடவைக் கடைப் பைகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவே நுழைந்து நடப்பேன். அங்கே போய்க் கேட்க ஒரு கேள்விதான் இருக்கும். அதற்குப் பதிலும் ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருக்கிறோம். டீச்சர் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டு இறங்கினால், தெருமுனைக்குப் போவதற்குள் கேட்க மறந்தது ஏதாவது நினைவுக்கு வரும். சில நாள் மறுபடி ஏறியிருக்கிறேன்.

ஒரு தேதி வந்தது. அதே வாரத்துக்குப் பெரிய நடிகர் ஒருவரின் படத்தைத் தள்ளிவைத்தார்கள். எல்லா ஸ்கிரீனும் அங்கே போயிற்று. இன்னொரு தேதி வந்தது. அதற்குள் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது, இப்போது விட்டால் ஈ காக்கை வராது என்றார் சார். எனக்கு அவர் சாக்குச் சொல்கிறார் என்று தோன்றும். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னது சரிதான் என்றும் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் போயிற்று.

இதற்கிடையில் அக்கா.

படத்தில் அந்தத் தாயாக நடித்தவர் உண்மையிலேயே மீன் விற்பவர். பட்டினப்பாக்கம் பக்கம் கடற்கரைச் சாலையோரம் பலகை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரையும் போலப் புது மீன் அங்காடிக் கட்டடத்துக்குள் போனார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டு வருடக்கணக்காக மீன் வாங்குகிறவள். வாடிக்கையாளரிடம் பேரம் பேசும்போது அவர் முகத்தில் வந்துபோகும் கோபம், சலிப்பு, திடீர்ச் சிரிப்பு, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கதையே எனக்குத் தோன்றியது. நடிக்க வருகிறீர்களா என்று கேட்டபோது, மீன் வெட்டும் கத்தியை நிறுத்தாமலே, "இன்னா வேஷம்?" என்று கேட்டார். மீன் விற்கிற வேஷம் என்றேன். "அத்துக்கு இன்னாத்துக்கு நடிக்கணும்" என்றார். மறுவாரம் வந்துவிட்டார். அப்போது அவர் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பா இல்லாத பெண்.

படப்பிடிப்பு முடிந்ததும் அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்டார், படம் எப்போது வருகிறது என்று. முதலில் பக்கத்துக் கடைப் பெண்களுக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். கொஞ்ச நாள் போனதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார். அதற்கும் பிறகு, மீனைப் பையில் போட்டுத் தரும்போது, உதடு அசையாத மாதிரி "படம் இன்னா ஆச்சு?" என்பார். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோம், வரவில்லையே என்ற வெட்கத்தில் குரல் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதில் சொல்ல முடியாததால் சில வாரம் மீனே வாங்காமல் கோழியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு நாள் டீச்சரே போன் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலியாகக் கிடைத்திருக்கிறது, இரண்டு பெரிய படங்களுக்கு நடுவில், எந்தப் பெரிய ஆளும் வராத வாரம். சென்னையில் மட்டுமல்ல, வெளியூரிலும் காட்சி சொல்லியிருக்கிறார்கள். நான் போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். என்ன செய்வதென்று தெரியாமல் துவைத்த துணிகளை மறுபடி துவைக்கப் போட்டேன்.

போஸ்டர் தயாரானது. அக்காவின் முகம் முழுதாக, பின்னால் மங்கலாக நகரம். மேலே ஒரு வரி: மகளைத் தேடி ஒரு தாய். சார் அதை விநியோகஸ்தர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட, அங்கிருந்து அது யார் யார் போனுக்கோ போய், மூன்றாம் நாள் அக்காவின் போனுக்கே வந்து சேர்ந்தது. அன்று மாலையே அவர் எனக்குப் போன் செய்தார். சாரைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. படத்தின் நாயகி விநியோகஸ்தரைப் பார்க்க விரும்புகிறார், அவ்வளவுதானே. எனக்கே பெருமையாக இருந்தது.

பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆட்டோவில் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பதற்றம் என்று நினைத்தேன். பதற்றம்தான். எதற்கென்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சார் உள்ளறையிலிருந்து வந்தவர் அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கை கூப்பினார். பெரிய நடிகர்களோடு தோள் உரசி நின்றவர், அக்காவிடம் வார்த்தை தேடினார். வெயிலில் ஒரு கடை நிழலில் ஒதுங்கி நின்று தண்ணீர் குடிக்கும் காட்சியைச் சொன்னார். தன் அம்மா அப்படித்தான் குடிப்பார் என்றார். அக்காவுக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"சார், நீ எனக்கு ஒரு ஒதவி பண்ணணும்" என்றார். "இந்தப் படம் இப்போ வரக் கூடாது."

டீச்சர் டீ ஊற்றுவதை நிறுத்தினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என் பொண்ணுக்கு எடம் வந்துகீது. காசிமேட்டுல. ஆறு மாசமா பேசிகினு கீறோம், தையில கண்ணாலம். இந்த போஸ்டர அவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? இவ பொண்ணு எவன்கூடயோ ஓடிப்போச்சு, இவ தேடிகினு அலஞ்சா, அத்தயே படமா புட்சிட்டாங்கன்னுதானே நெனப்பாங்க?"

அது கதைதானே அக்கா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்திருந்தது. படம் ஆரம்பிக்கும்போதே, எல்லாம் கற்பனை என்று எழுத்துப் போடுவோம் என்றேன்.

"போடுவ. யாரு படிக்கிறா?"

பதினைந்து வருடம் சீரியல்களுக்கு அந்த எழுத்தைப் போட்டவள் நான். நானே ஒருமுறையும் படித்ததில்லை.

போஸ்டரை மாற்றலாமா, அக்கா முகம் இல்லாமல் போடலாமா என்று கேட்டேன். படம் முழுக்க அவர் முகம்தானே என்றார் டீச்சர் மெதுவாக. மாப்பிள்ளை வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அப்பா இல்லாத பெண், அம்மா சினிமாவில் நடித்தவள், அதிலும் இப்படி ஒரு கதையில். எப்படிச் சொல்வது, யார் போய்ச் சொல்வது. கேட்டுக் கேட்டுக் குரல் தாழ்ந்துபோனதெல்லாம் படம் வரவில்லையே என்ற வெட்கத்தால் அல்ல, எங்கே வந்துவிடுமோ என்ற பயத்தால் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சார் என் பக்கம் திரும்பினார்.

"உங்க படம் மேடம். நீங்க சொல்லுங்க."

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை போனால் அடுத்தது எப்போது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பெரிய படங்கள், பிறகு பரீட்சை, பிறகு கிரிக்கெட், பிறகு கோடை விடுமுறை. ஒரு வருடம் காத்து வந்த தேதி. அக்கா மேல் கோபம் வந்தது. நடிக்க வரும்போதே கதை தெரியும் அல்லவா? தெரியும். ஆனால் அப்போது மகள் கல்லூரியில் இருந்தாள், கல்யாணம் என்ற பேச்சே இல்லை. நானும் என் கதையை மட்டும்தான் யோசித்தேன், படம் வரும்போது அந்தப் பெண் எந்த வயதில் இருப்பாள் என்று யோசிக்கவில்லை. திரும்பி நடந்தேன். மறுபடி முனை வரை போனேன். முடியாது என்று சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாரித்தேன். நல்ல வாக்கியம்தான். படியேறும்போது அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

உள்ளே அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ, குடிக்கவில்லை, ஆடை படிந்திருந்தது. நான் வந்ததைப் பார்த்து எழுந்து நின்றார். தன்னிடம் மீன் வாங்க வருகிறவர்களுக்கு அவர் என்றும் எழுந்து நின்றதில்லை. எனக்கும்தான்.

"தள்ளி வெச்சிடலாம் சார்" என்றேன்.

டீச்சர் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார். அன்று மாலை முழுக்க, கெஞ்சி வாங்கிய காட்சிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் அக்காவோடு கிளம்பிவிட்டேன். ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுக்கவில்லை, ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். படப்பிடிப்பின்போது சாப்பாடு பரிமாறிக்கொண்டு திரிந்த பெண். இப்போது ஏதோ ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கேட்டாள்.

"எங்கம்மா சொன்னா தேதிய மாத்திடுவீங்களா ஆன்ட்டி? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. மாப்பிள்ளையிடம் அவள் முதல் நாள் பேசும்போதே சொல்லிவிட்டாளாம், என் அம்மா ஒரு படத்தில் நடித்திருக்கிறாள் என்று. ட்ரெய்லரையும் காட்டியிருக்கிறாள். போஸ்டர் வந்த அன்று அவனே அதைத் தன் வீட்டில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அவன் அம்மா கேட்டது ஒன்றுதானாம், எந்தத் தியேட்டர் என்று. இந்தப் பக்கம் அக்கா மறைத்துக்கொண்டு தவிக்க, அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்து, அக்காவே வாய் திறந்து சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

அவள் உட்கார்ந்திருக்கும்போதே டீச்சருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அந்த வெள்ளிக்கிழம போயிடுச்சும்மா. வேற படம் ஏறிடுச்சு" என்றார்.

அன்று இரவு சாப்பிடவில்லை என்று எழுதினால் மிகை. சாப்பிட்டேன், நின்றுகொண்டே சாப்பிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை வந்தபோது காலையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எங்கள் இடத்தில் ஏறிய படத்தைப் பற்றி யார் என்ன எழுதுகிறார்கள் என்று தேடினேன். அது ஓடவில்லை. அதில் ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை.

அக்காவைப் பார்க்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கடைசியில் ஒருநாள் அங்காடிக்குப் போனேன். அவருக்கும் இதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். சங்கரா மீனை நிறுத்துப் போட்டுவிட்டு மேலே இரண்டு மீன் சேர்த்தார். "தையில மொத பத்திரிக உனுக்குதான்" என்றார். கல்யாணத்துக்குப் போனேன். டீச்சரும் வந்திருந்தார். சார் வரவில்லை, அன்று அவர் வேறு ஒரு படத்தின் வெளியீட்டில் இருந்தார்.

அந்தப் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று அலுவலகத்தை அசோக் நகருக்கு மாற்றினார்கள். லிஃப்ட் உள்ள புதுக் கட்டடம், ஏசி, வெள்ளைச் சுவர். போஸ்டர்களை ஒட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். எனக்கு அங்கே இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. பழைய இடத்திலாவது இறங்கிப் போய்ப் பார்க்கத் துணிக்கடை இருந்தது. இங்கே கீழே வரிசையாகக் கார்கள்தாம். என் படத்தைச் சார் கைவிட்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. ஒருநாள் தாங்காமல், ஏன் சார் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "முப்பது வருஷமா தேதி மாத்திக்கிட்டுதான் மேடம் இருக்கேன். பெரிய படத்துக்காக, மழைக்காக, எலக்‌ஷனுக்காக. ஒரு பொண்ணு கல்யாணத்துக்காக மாத்தினது இது ஒண்ணுதான். அத பாதில விட மனசு வரல."

அடுத்த வெள்ளிக்கிழமை கிடைக்க ஐப்பசி ஆகிவிட்டது. அது மழை வாரம். அதனால்தான் கிடைத்தது. இந்த முறை வெளியூர் இல்லை, சென்னையில் மட்டும், பெரும்பாலும் காலைக் காட்சி. வியாழக்கிழமை இரவே பலத்த மழை எச்சரிக்கை வந்துவிட்டது. விடிந்தபோது எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். நானும் கணவரும் அண்ணா சாலைப் பக்கம் இருந்த அந்தத் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது, டீச்சர் முன்பே வந்து, குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். விற்ற டிக்கெட்டுகள் சொல்லும்படி இல்லை. இப்படியே போனால் காட்சியை ரத்து செய்துவிடுவோம் என்று மேலாளர் பணிவாகச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் தம்பி என்றார் டீச்சர். நான் எஸ்கலேட்டரில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினேன். கண்ணாடிக்கு வெளியே மழை தாரை தாரையாக விழுந்தது. இந்த மழையில் நானே வேறொருவர் படத்துக்குப் போயிருக்க மாட்டேன்.

காட்சிக்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் ஷேர் ஆட்டோக்கள். கடலில் புயல் சின்னம், படகு எதுவும் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்திருந்தது. பட்டினப்பாக்கத்தில் அக்காவின் தெருவும், காசிமேட்டில் சம்பந்தியின் தெருவும் வேலை இல்லாமல் இருந்தன. மொத்தமாகக் கிளம்பி வந்துவிட்டார்கள். நனைந்த புடவைகள், தோளில் தூங்கும் குழந்தைகள், பாலிதீன் பையில் சுற்றிய போன்கள். நடுவில் அக்கா, மகள், மருமகன். டீச்சர் மேலாளரைப் பார்த்தார். அவர் கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

நான் உள்ளே போகவில்லை. எடிட் செய்யும்போது எத்தனையோ முறை பார்த்த படம், இவர்களோடு உட்கார்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அக்கா வெளியே வந்தார்.

"உள்ள குந்த முடியல" என்றார். "அவ்ளோ பெர்சா கீறேன். மூக்குல கீற தழும்புகூடத் தெரியிது."

இருவரும் பாப்கார்ன் விற்கும் இடம் வரை நடந்தோம், திரும்பினோம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. சிரிக்க வைக்க நினைத்து எழுதிய இடம் அல்ல அது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதி நல்லதா கெட்டதா என்று புரியாமல் கதவில் காதை வைத்தேன். அக்கா என் தோளைத் தொட்டார்.

"கட்சீல பொண்ணு கெட்ச்சிடுதா?"

உங்களுக்குத் தெரியாதா, நீங்கள்தானே நடித்தீர்கள் என்றேன்.

"நீ இன்னிக்கி ஒண்ணு நாளிக்கி ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எட்த்த. எனக்கு இன்னா தெரியும்."

அது உண்மைதான். கடைசிக் காட்சியைத்தான் முதல் நாள் எடுத்தோம். சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கும் பஸ்ஸில் மகள் உட்கார்ந்திருப்பாள். தாய் பார்ப்பாள், கூப்பிட மாட்டாள். அக்காவிடம் அன்று நான் சொன்னது, அந்த பஸ்ஸைப் பாருங்கள் என்று மட்டும். போய்ப் பாருங்கள், முடியப்போகிறது என்று கதவைத் திறந்து விட்டேன். அவர் உட்காரவில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். நான் பின்னால் நின்று, திரையை அல்ல, அவரைப் பார்த்தேன். பஸ் கிளம்பியபோது அவர் வாய் லேசாகத் திறந்து மூடியது. என்ன சொன்னார் என்று எனக்குக் காதில் விழவில்லை. இசை அடங்கியதும் விளக்கு எரிந்தது.

படம் அடுத்த வியாழன் வரை ஓடியது. ஞாயிறு அன்று நல்ல கூட்டம், திங்கள் ஆள் இல்லை. இரண்டு பத்திரிகைகளில் நல்லபடியாக எழுதினார்கள், ஒன்றில் தூக்கம் வருகிறது என்று எழுதினார்கள். சார் வேறு ஊர்களில் முயன்று பார்த்தார், நடக்கவில்லை. பிறகு அது ஒரு ஓடிடியில் வந்து, எங்கோ இருப்பவர்கள் இப்போதும் எப்போதாவது எனக்கு எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை, விளக்கு எரிந்த பிறகு யாரும் உடனே எழவில்லை. முன்வரிசையிலிருந்து சம்பந்தியம்மா எழுந்து வந்தார். பருத்த உடம்பு, காதில் பெரிய கல் தோடு. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. போன வருடம் அவர் பயந்தது இந்த ஒரு நொடிக்குத்தான். சம்பந்தியம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அவ்ளோ வெயில்ல அவ்ளோ தூரம் நடந்திருக்கியே சம்பந்தி. கால் வலிக்கல?"

அக்கா ஒரு கணம் தடுமாறினார். பிறகு, மீன் வாங்க வருகிறவர்களிடம் வரும் அந்தச் சிரிப்பு வந்தது.

"அத்த இன்னாத்துக்கு கேக்குற. இந்தம்மா ஒரே தெருவுல பத்து தபா நடக்க வுட்டுச்சு" என்று என்னைக் கை காட்டினார்.